ஓவர்டைம் காசில் பிள்ளைக்குப் பங்குண்டா?

வியாபாரத்தில் கூட்டாளிகள் இருவர் பிரிந்தால் அதற்கொரு முறை இருக்கிறது. சரக்கை எண்ணுகிறோம், பேரேட்டைப் புரட்டிப் பற்று வரவு பார்க்கிறோம், ஐந்தொகை கட்டி அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். கணவனும் மனைவியும் பிரியும்போதோ எந்த ஐந்தொகையிலும் அடங்காத ஒன்று நடுவே நிற்கின்றது. அதுதான் பிள்ளை. தலாக்கினால் மனைவி அந்நியமாகலாம். பிள்ளை ஒருக்காலும் அந்நியமாவதில்லை. தகப்பன் தகப்பனே, தாய் தாயே.

பிரிந்த பெற்றோரிடையே பிள்ளையின் ஜீவனாம்சத்தைப் பற்றி எழும் வழக்குகள் பலவகை. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளுகிறோம். தகப்பன் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறான். வேலை நேரம் முடிந்த பின்னும் கூடுதலாக உழைத்து ஓவர்டைம் காசு வாங்குகிறான். பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய தொகையைக் கணக்கிடும்போது அந்தக் காசையும் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா? இது சில்லறை விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு மனிதனின் வியர்வை யாருக்குச் சொந்தம் என்னும் பெரிய கேள்வி இதனுள்ளே இருக்கின்றது.

கணக்கு என்ன சொல்லுகிறது?

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் வாங்குபவர் சாதாரண நாளில் கூடுதலாகச் செய்யும் வேலைக்கு, ஒரு மணிக்கு ஒன்றரை மடங்கு கூலி பெற வேண்டும். 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரத்தின் உச்சம். ஓவர்டைம் மாதம் 104 மணியைத் தாண்டக்கூடாது. ஒரு கிட்டங்கியில் 2,080 வெள்ளி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுவோம். 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 80 வெள்ளி; 8 மணியால் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி; ஒன்றரை மடங்கு 15 வெள்ளி. மாதம் 40 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் கையில் 600 வெள்ளி சேரும். ஏழைக் குடும்பத்துக்கு இது சிறு தொகையன்று. இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவும் பஸ் செலவும் அதில் அடங்கிவிடும்.

தகப்பன் சொல்லுவதைக் கேளுங்கள். "நான் வாங்கும் சம்பளத்தைப் பார்த்து ஒரு தொகை சொன்னார்கள், மாதந்தவறாமல் கட்டுகிறேன். ஓவர்டைம் என் தூக்கத்தை விற்ற காசு. அடுத்த மாதம் முதலாளி வேலை இல்லையென்றால் அது இல்லை. இல்லாத காசுக்கு என்னைப் பொறுப்பாக்கலாமா? நான் உழைக்க உழைக்கத் தொகை ஏறுமென்றால் நான் ஏன் உழைக்க வேண்டும்?" இந்தப் பேச்சில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

தாய் சொல்லுவதையும் கேளுங்கள். "நாங்கள் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் இந்த ஓவர்டைம் காசுதான் பிள்ளைக்குப் பால்மாவாகவும் பெருநாள் உடுப்பாகவும் வந்தது. அன்று அதைச் சம்பளம் வேறு, ஓவர்டைம் வேறு என்று அவர் பிரித்ததில்லை. வீடு இரண்டானதும் காசும் இரண்டாகிவிட்டதா? பிள்ளையின் பசி மட்டும் பாதியாகவில்லையே!" இதிலும் நியாயம் இருக்கின்றது.

இரு நியாயங்கள் மோதும்போது குரலை உயர்த்தியவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் ஜமாஅத்துகளில் சில வேளை நடப்பதுண்டு. அது முறையன்று. முதலில் அளவுகோல் எதுவென்று பார்க்க வேண்டும்.

பங்கா, போதுமானதா?

பிள்ளையின் நபக்காவைக் கூட்டு வியாபாரத்தின் லாபப் பங்கு போலப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுக்கு இத்தனை என்று வீதம் கட்டி, வரவு ஏறினால் பங்கும் ஏற வேண்டுமென்கிறார்கள். ஷரீஅத் அவ்வாறு வகுக்கவில்லை. மனைவியின் நபக்காவுக்குக் கணவனின் வசதியைப் பார்த்து அளவு குறித்த ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள், பிள்ளையின் நபக்காவுக்கு அப்படி அளவு குறிக்கவில்லை. பிள்ளைக்குப் போதுமானது எதுவோ அதுவே அளவு என்றார்கள். தன் கணவர் கையை இறுக்குகிறார் என்று ஹிந்த் அம்மையார் முறையிட்டபோது, அவருக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கப்படி போதுமானதை எடுத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தது ஹதீஸ்களில் பதிவாகியிருக்கின்றது. அங்கும் பேச்சு பங்கைப் பற்றியதன்று, போதுமானதைப் பற்றியதே.

ஆகவே, தகப்பனுக்கு ஒரு மாதம் 600 வெள்ளி கூடுதலாக வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் அதில் பாதி பிள்ளைக்கு என்று தாய் கேட்பது சரியாகாது. பிள்ளைக்கு என்ன தேவை என்று காட்டித்தான் கேட்க வேண்டும்.

ஆனால் இத்தோடு தகப்பன் தப்பித்துக்கொள்ள முடியாது. போதுமானது என்பதற்கு எதிர்ப்பக்கம் இயன்றது என்று ஒன்று இருக்கின்றது. வசதியுள்ளவர் தம் வசதிக்குத் தக்கபடியும், நெருக்கடியில் இருப்பவர் தமக்குக் கிடைத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்பது ஸூரத்துத் தலாக்கின் 7ஆவது வசனத்தின் கருத்து. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கும் தீங்கு கூடாது, தகப்பனுக்கும் தீங்கு கூடாது என்பது ஸூரத்துல் பகராவின் 233ஆவது வசனத்தில் வருகின்றது. உழைக்கச் சக்தியுள்ளவன் பிள்ளையின் நபக்காவுக்காக உழைத்துத் தேட வேண்டும் என்பது நம் மத்ஹபில் வலுவான கருத்து. "என் கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று சும்மா இருந்துவிட அவனுக்கு இடமில்லை.

நாட்டுச் சட்டமும் இதே வழியில்தான் செல்லுகிறது. 1984ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமியக் குடும்பச் சட்டம், பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருந்தாலும், இருப்பிடம், உடை, உணவு, வைத்தியம், கல்வி ஆகியவற்றைத் தன் வசதிக்கும் அந்தஸ்துக்கும் ஏற்ப அளிப்பது தகப்பன் கடமை என்கிறது. சிங்கப்பூரில் முறை சற்று வேறு. அங்கே முஸ்லிம்களின் மணவிலக்கு ஷரீஆ கோர்ட்டில் தீர்ந்தாலும், பிள்ளையின் ஜீவனாம்சத்தை 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனப்படி குடும்ப நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அச்சட்டம் தாய் தகப்பன் இருவரையும் பொறுப்பாளியாக்குகிறது. வருமானத்தோடு சம்பாதிக்கும் சக்தியையும் பார்க்கச் சொல்லுகிறது.

ஆக, ஓவர்டைம் சம்பளமா இல்லையா என்று பெயரைப் பற்றிச் சண்டையிடுவது வீண். அந்தக் காசு ஒருவரின் நிலையான வசதியில் சேர்ந்துவிட்டதா என்பதே கேள்வி.

மூன்று வகை

இதை நாம் மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். சிலருக்கு ஓவர்டைம் என்பது பெயரளவில்தான் கூடுதல். வருடக்கணக்காக மாதந்தோறும் வருகின்றது. அதை நம்பியே மோட்டார் சைக்கிள் தவணை கட்டுகிறார்கள், வீட்டு வாடகை கொடுக்கிறார்கள். தமக்கு அதை நிலையான வரவாக வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மட்டும் நிலையற்றது என்று சொல்லுவது நேர்மையாகாது.

இரண்டாவது, பருவத்துக்கு வருவது. ரமலான் மாதத்திலும் பெருநாள் நெருக்கத்திலும் கடைகளில் வேலை குவியும், பின்னர் ஓய்ந்துவிடும். இதற்கு வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்த வழியே போதும். பெருநாள் மாத விற்பனையை வைத்து வருட லாபத்தை நாம் கணிப்பதில்லை. பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். முன்சொன்ன கிட்டங்கி ஊழியருக்கு ஐந்து மாதம் 600 வெள்ளியும், நான்கு மாதம் 300 வெள்ளியும் ஓவர்டைம் கிடைத்து, மூன்று மாதம் ஒன்றுமே இல்லையென்றால், வருடத்துக்கு 4,200 வெள்ளி; மாதச் சராசரி 350 வெள்ளி. அவருடைய வசதியை 2,080 என்றும் சொல்ல வேண்டாம், 2,680 என்றும் சொல்ல வேண்டாம். 2,430 என்று வைத்துப் பேசினால் இரு தரப்புக்கும் நியாயமாகும். அந்த 350 வெள்ளி முழுவதும் பிள்ளைக்கு என்பதன்று. தகப்பனால் எது இயலும் என்பதற்கு அது சாட்சி.

மூன்றாவது, ஏதோ ஒரு கடனை அடைக்கவோ வைத்தியச் செலவுக்கோ சில வாரம் உடலை வருத்திச் சம்பாதிப்பது. அதை மாதத் தொகையில் ஏற்றிக் கட்டுவது கொடுமை. அவ்வாறு வந்ததில் பிள்ளைக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் அது அவன் அன்பைச் சேர்ந்தது, கட்டளையைச் சேர்ந்ததன்று.

தொகையை ஒருமுறை குறித்துவிட்டால் அது கல்லில் வெட்டிய எழுத்தன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். நிலைமை உண்மையில் மாறினால், கூட்டவோ குறைக்கவோ இரு தரப்பாரும் நீதிமன்றத்தை நாடலாம். ஓவர்டைம் நின்றுவிட்டதென்றால் அதை அங்கே போய்ச் சொல்ல வேண்டுமேயன்றி, தானாகவே தொகையைக் குறைத்துக்கொள்ளக்கூடாது. வழக்குப் பதிவான மாதத்தில் மட்டும் ஓவர்டைமை வேண்டாமென்று சொல்லி, தீர்ப்பு வந்தபின் மறுபடி தொடங்கும் தந்திரம் மனிதரை ஏமாற்றலாம், அல்லாஹ்வை ஏமாற்றாது.

விற்கப்படும் நேரம் யாருடையது?

இன்னுமொரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. பிள்ளைக்குத் தகப்பனிடம் இருக்கும் ஹக்கு காசு மாத்திரமன்று, அவனுடைய நேரமும்தான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க அனுமதி பெற்றவன் அன்றே ஓவர்டைமுக்குப் போனால், அவன் விற்பது தன் நேரத்தை மட்டுமன்று. பிள்ளையின் நேரத்தையும் சேர்த்தே விற்கிறான். அந்தக் காசில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அவன் எப்படிச் சொல்ல முடியும்?

இதே நியாயம் மறுபக்கமும் செல்லும். பிள்ளையோடு இருப்பதற்காக ஒருவன் வாரக் கடைசி ஓவர்டைமை விட்டுவிட்டால், அதனால் சராசரி சிறிது குறைந்ததற்காகத் தாய் குறைகூறக்கூடாது. தகப்பன் மடியில் உட்கார்ந்து பாடம் படிப்பதும் பிள்ளையின் தேவைகளில் ஒன்றே. 104 மணி வரை சட்டம் இடங்கொடுக்கிறது என்பதற்காக அத்தனை மணியும் ஒருவன் உழைத்தே தீர வேண்டும் என்று கேட்பது, அவனை மனிதனாகப் பாராமல் யந்திரமாகப் பார்ப்பதாகும்.

முதலாளிகளாகிய நாம்

இதுவரை பிறர் வீட்டு வழக்கைப் பேசினோம். இனி நம் கல்லாவுக்கு அருகே வருவோம். ஓவர்டைம் காசைக் கொடுப்பவர்கள் யார்? நாமே. அதை எழுதுவதும், எழுதாமல் விடுவதும் நம் கையில்தான் இருக்கின்றது.

ஊழியர் சேமநிதிக்குச் சந்தா கணக்கிடும்போது ஓவர்டைம் சேராது, சொக்சோவுக்குச் சேரும். ஆகவே சேமநிதிக் கணக்கை மட்டும் காட்டினால் அடிப்படைச் சம்பளந்தான் தெரியும், ஓவர்டைம் மறைந்துவிடும். முழு உண்மையைச் சொல்லக்கூடியது நாம் கொடுக்கும் சம்பளச் சீட்டே. "ஓவர்டைமைச் சீட்டில் காட்ட வேண்டாம், முதலாளி, கையில் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு சிப்பந்தி கேட்டால், நல்ல பையனாயிற்றே என்று இரக்கப்பட்டு நம்மில் சிலர் இசைந்துவிடுகிறார்கள். அந்த இரக்கம் யாருடைய வயிற்றிலிருந்து எடுக்கப்படுகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். நாம் கண்ணால் பாராத ஒரு பிள்ளையின் ஹக்கை நம் பேனாவால் அடித்துவிடுகிறோம். பொய்ச் சாட்சி நாவினால் மட்டும் சொல்லப்படுவதன்று.

சம்பளம் வாங்குபவனின் 350 வெள்ளியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கடை முதலாளி தம் பேருக்கு 2,000 வெள்ளி சம்பளம் என்று எழுதிக்கொண்டு, வீட்டு அரிசியிலிருந்து காருக்குப் பெட்ரோல் வரை கடைக் கணக்கில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுவோம். மணவிலக்கு ஏற்பட்டதும், "எனக்கு 2,000 வெள்ளிதான் வரவு" என்று அவர் சொன்னால், கூலியாள் மறைக்கும் ஓவர்டைமைவிட அது எத்தனை மடங்கு பெரிய மறைப்பு! நிறுவையில் குறைப்பது ஹராம் என்று அறிந்த வியாபாரி, தம் பிள்ளைக்கு நிறுத்துக் கொடுக்கும்போது மட்டும் தராசை அசைக்கலாமா?

தாய்மாருக்கும் ஒரு சொல் உண்டு. கைக்கு வரும் தொகை பிள்ளையின் அமானிதம். அதைப் பிள்ளைக்காகச் செலவழித்துக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கடன் வசூலிக்கும் ஆளாகத் தகப்பன் வாசலுக்கு அனுப்பாதீர்கள்.

ஓவர்டைம் காசில் பிள்ளைக்குப் பங்குண்டா என்று கேட்டோம். பங்கு என்று எழுதிவைத்தது இல்லை. ஆனால் அந்தக் காசு தகப்பனின் வாழ்வில் நிலைத்துவிட்டதென்றால், பிள்ளையின் தேவைக்கு அது கட்டுப்பட்டதே. அதை மறைப்பவனும், மறைக்க உதவுபவனும், தேவைக்கு மேல் பிடுங்குபவளும் ஒரே குற்றத்தின் மூன்று பக்கங்கள். பிரிந்த பெற்றோர் வருடத்துக்கு ஒருமுறையாவது நடுநிலையான பெரியவர் ஒருவர் முன்னிலையில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டுகளையும் பிள்ளையின் செலவுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். கோர்ட்டு வாசலை மிதிக்காமலே பல வழக்குகள் தீர்ந்துவிடும். அவ்வாறு தீர்த்துவைப்பதில் நம் ஜமாஅத்துப் பெரியவர்கள் முன்னிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.