தொட்டிக்குள் கடலும் இல்லறத்தார் அகிம்சையும்

ஓர் உயிரைக் காப்பதற்காக இன்னோர் உயிரை அகற்றலாமா? இவ்வினா நம் சமயத்தார்க்குப் புதியதன்று. பயிரில் புழு, தானியத்தில் வண்டு, கிணற்றில் பாசி என இல்லறத்தில் நாள்தோறும் எதிர்ப்படுவதே. ஆயினும், சென்ற ஆண்டு அது நம் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியின் வடிவில் வந்து நின்றபோது, எழுபது வயதைக் கடந்த நாமும் விடை தெரியாது திகைத்தோம். அத்திகைப்பையும் அதில் நாம் இழைத்த பிழையையும் மறைக்காது எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் குடும்பம் வந்தவாசிப் பக்கத்தைச் சேர்ந்தது. மகனுடைய பணியின் பொருட்டுப் புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூரில் வசித்து வருகிறோம். மூவர் கோயிலுக்கு நடந்தே செல்லலாம். கடலோ நெடுந்தொலைவில் உள்ளது. அத்தகைய ஊரில் நம் பெயரன் கடலை வீட்டுக்குள் கொண்டு வந்தான். 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி. லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை கரைத்த நீர். அலைபோல் நீரைச் சுழற்றும் சிறு மோட்டார்கள். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி. நீல ஒளி வீசும் விளக்கு. கோடையிலும் நீர் 26 பாகை வெப்பத்தைத் தாண்டாதிருக்கக் குளிர்விக்கும் இயந்திரம். இவற்றின் நடுவே இரு கோமாளி மீன்களும் பவள உயிரிகளின் சிறு கூட்டமும் குடியிருந்தன.

பவளம் என்றதும் மாலையில் கோக்கும் மணியையே நினைக்கிறோம். பண்டைய ஆகம நூல்கள் அதனை மண்ணை உடலாகக் கொண்ட உயிர்களோடு வைத்து எண்ணின. இன்றைய அறிவியல், நுண்ணிய கைகளை நீட்டி இரை பிடிக்கும் விலங்குகள் கூடிக் கட்டும் வீடு அது என்கிறது. எவ்வாறு எண்ணினும் அது உயிருள்ளது என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

பெயரன் வேலை நிமித்தம் மூன்று வாரம் வெளியூர் செல்ல நேர்ந்தது. "ஆயா, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போதும். பச்சை நூல்போலப் பாசி வந்தால் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். விட்டால் பவளத்தை மூடிவிடும்" என்று சொல்லிச் சென்றான்.

நாம் பாசியைத் தொடவில்லை. ஓரறிவுயிராயினும் உயிரன்றோ, அணுவிரதம் ஏற்ற கையால் அதைச் சுரண்டுவதா என்று அஞ்சினோம். அதே வேளையில், கண்ணாடியருகே வந்து வாய் திறந்து நிற்கும் மீன்களைக் கண்டு மனம் இளகி, ஒரு சிட்டிகைக்கு மூன்று சிட்டிகை தீனியிட்டோம். பத்தே நாளில் பாறைகள் யாவும் பச்சை மயிர் போர்த்தன. பவள உயிரிகள் கைகளைச் சுருக்கிக்கொண்டன. ஓர் இரவில் நெடுநேரம் மின்சாரம் நின்றது. விடிந்தபோது இரு மீன்களுள் ஒன்று இறந்து மிதந்தது.

நிகழ்ந்தது என்ன என்பதைப் பெயரன் திரும்பி வந்தபின் விளக்கினான். உண்ணாது எஞ்சிய தீனி அழுகி அம்மோனியா ஆகிறது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டும் தீனியிலிருந்து கரையும் பாஸ்பேட்டும் பாசிக்கு எரு. பகலில் ஒளியால் உயிர்வளி தரும் அதே பாசி, இரவில் மீனைப்போலத் தானும் உயிர்வளியை உட்கொள்ளும். அழுகும் தீனியும் தன் பங்குக்கு அதை உறிஞ்சும். மோட்டார்கள் நின்றபோது மீனுக்கு மூச்சுக்கு இல்லாமல் போயிற்று.

ஓரறிவுயிரைத் தொட அஞ்சிய நாம், ஐயறிவுயிர் ஒன்றன் சாவுக்குக் காரணமானோம். இதனை எவ்வாறு கணக்கிடுவது?

இல்லறத்தார் விரதம், இயங்கும் உயிர்களை வேண்டுமென்றே கொல்லாமையை முதன்மையாகக் கொண்டது. நிலைத்திணை உயிர்களைப் பொறுத்தவரை, தேவையின்றி ஊறு செய்யற்க என்பதே அதன் வரம்பு. அடுப்பு மூட்டுதல், வீடு பெருக்குதல் முதலிய செயல்களில் நேர்வதை ஆரம்ப இம்சை என்று பிரித்துக் கூறினர் முன்னோர். பாசியைத் தேய்த்தெடுத்தல் அவ்வகையினது. தத்துவார்த்த சூத்திரமோ இம்சையின் வேர் பிரமாதம், அதாவது அயர்ச்சி, என்று உணர்த்துகிறது. நம் கை தூய்மையாக இருந்தது, கருத்துத்தான் அயர்ந்திருந்தது. நம் கையில் பாவம் ஒட்டாதிருந்தால் போதும் என்று எண்ணியது தன்னலமே. அதற்கு நாம் அகிம்சை என்று பெயரிட்டோம். மிகுதீனி இட்டது இரக்கமே. ஆனால் அறிவோடு கூடாத இரக்கம். மாணவிகளுக்கு ஆசிரியர் பயிற்சியளித்த காலத்தில், பாடம் தெரியாமல் பிள்ளைகள்மேல் அன்பு மட்டும் கொண்டவர் நல்லாசிரியர் ஆகார் என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! முதுமையில் அப்பாடம் நமக்கே திரும்பியது.

இனி, தூரிகைக்குப் பதிலாக நத்தைகளை விடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். கடல்நத்தைகள் பாசியை மேய்வது உண்மை. ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்ற நாம், நத்தையைக் கொணர்ந்துவிட்டு விலகி நிற்க இயலுமா? அன்றியும், பாசி தீர்ந்தபின் நத்தை பட்டினியால் மடியும். கொல்லாமை விரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுவன கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல் என்பனவாம். நத்தை யோசனை ஐந்தாவதில் விழுகிறது. பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த நம் கண் முதலாவதில் நிலைத்தது. கட்டுதல்! கயிறாயினும் கண்ணாடியாயினும் கட்டு கட்டே. பாசியைப் பற்றி வினவிக்கொண்டிருந்த நாம், தொட்டியைப் பற்றி வினவாது விட்டோம்.

பாசியை அடக்கிய முறையிலும் நம் தத்துவமே விளங்கிற்று. வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அதன் வாயிலை அடைப்பதைச் செறிப்பு என்றும், சேர்ந்ததைக் கழிப்பதை உதிர்ப்பு என்றும் தமிழில் வழங்கினர் நம் சான்றோர். தேய்த்தெடுப்பது உதிர்ப்பு. ஊற்றை அடைக்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தால், நாள்தோறும் கொன்றுகொண்டே இருக்க நேரும். ஆகவே செறிப்பைத் தொடங்கினோம். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி. விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஆவியான நீருக்கு ஈடாக, எருச்சத்துக்கள் கலந்த ஆழ்குழாய் நீரை விடுத்து, ஆர்.ஓ. முறையில் வடித்த உப்பற்ற நீர். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றம். மின்தடைக்கு ஒரு பாட்டரி மோட்டார். இரண்டு திங்களில் பாசி தானே மெலிந்தது. முற்றும் மறையவில்லை, எஞ்சியதை வாரம் ஒருமுறை நாமே தேய்த்தெடுக்கிறோம். அதுவும் இம்சையே என்று அறிந்துதான் செய்கிறோம். அதனால் தேவைக்கு மேல் கை நீளுவதில்லை.

பாசியைப் பகை என்று ஒருதலையாகக் கூறுவதும் அநேகாந்தத்துக்கு ஒவ்வாது. பவள உயிரியின் உடலுக்குள்ளேயே நுண்பாசி குடியிருந்து, ஒளியால் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகிறது. கடல் மிகச் சூடேறும்போது அப்பாசியைப் பவளம் இழக்கிறது; வெளுத்துப் பட்டினியால் மடிகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெரும் வெளுப்பு நிகழ்ந்தது. உள்ளே இருந்தால் தாய். வெளியே மிகுந்தால் எமன். குற்றம் பாசியின் இயல்பில் இல்லை, மிகையில் உள்ளது. மிகையை உண்டாக்கியவர் மனிதரே. அதே வளைகுடாவின் குருசடைத் தீவில், வாணிகத்துக்காக நம் கடலோரத்தில் பயிரிடப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை 2008-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததால், அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன.

அப்படியானால் எஞ்சிய மீனைக் கடலில் விட்டுவிடலாமே என்று நாம் கேட்டோம். அதுவும் அறியா இரக்கமே. தொட்டியில் வளர்ந்தவற்றோடு நோயும் அயல் உயிரும் கடலைச் சேரும். மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலெர்ப்பா என்னும் பாசி, 1984-ஆம் ஆண்டில் மொனாக்கோ நகரத்துக் கடலில் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் பரவிற்று. கட்டுவது எளிது, அவிழ்ப்பது அரிது.

பெயரன் வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று. "இந்தத் தொட்டி இல்லாவிட்டால் பவளத்துக்கு உயிர் உண்டென்றே எனக்குத் தெரிந்திராது, ஆயா. மீன்களும் பண்ணையில் பொரித்தவைதாம்" என்றான். கோமாளி மீனைப் பண்ணையில் பொரிக்கச் செய்யும் முறை நம் நாட்டிலேயே உண்டு என்பதும் உண்மை. பவளத்தின் நிலை வேறு. நம் கடலின் பாறைப் பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பது குற்றம். வேறொரு தொட்டியில் வளர்ந்ததிலிருந்து கிள்ளிய துண்டு என்று விற்றவர் கூறியதை நம்பியே அவன் வாங்கினான். அச்சொல் மெய்யா என்று அறிய நமக்கு வழியில்லை. அறிய வழியில்லாதபோது வாங்காமையே விரதம்.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள், நீர்க்கரை வழியே நடந்தால் நண்டும் நத்தையும் அறியாது காலடியில் படுமே என்று கவல்வார். அப்பயணத்தின் இடையில், கொடும்பையின் பெருங்குளத்தருகே மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதாக ஒரு மறையவன் கூறுவான். அக்கொடும்பையே நம் கொடும்பாளூர் என்பர் அறிஞர். அடிகள் நடக்காமல் இருந்துவிடவில்லை, பார்த்து நடந்தார். நம் முன்னும் மூன்று வழிகள் இருந்தன: மேலும் உயிர்களை வாங்கிச் சேர்த்தல், உள்ளவற்றைக் கைவிடுதல், உள்ளவற்றை இறுதிவரை பேணிப் புதியன சேர்க்காதிருத்தல். மூன்றாவதை நாம் தேர்ந்தோம். பெயரன் புதிய பவளம் வாங்குவதில்லை என்பதற்கு இசைந்தான். தனித்து நிற்கும் மீனுக்குத் துணை வேண்டாமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதற்கு விடை சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலில், 9-ஆம் நூற்றாண்டு ஓவியர் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டியிருக்கின்றனர். மீனும் அன்னமும் யானையும் பூக்கொய்யும் பவ்வியரும் அதில் உண்டு. உயிர்களைக் கண்டு மகிழ அவற்றைச் சிறைப்படுத்த வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. பெயரனை அங்கு அழைத்துச் சென்று காட்டினோம்.

கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் இருபது ஆண்டுகள் வரையும் வாழக்கூடுமாம். நமக்குப் பின்னும் அது இருக்கலாம். ஆகவே தீனியின் அளவையும், நீர் மாற்றும் நாளையும், பாசி தேய்க்கும் முறையையும் ஒரு தாளில் தெளிவாக எழுதித் தொட்டியருகே ஒட்டி வைத்திருக்கிறோம். நாம் கட்டிய கட்டுக்கு நாமே பொறுப்பு.

அறம் பெருகுக!