ஆப்த வாக்கியமும் பரீட்சையும்

சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் வாயிலிட்ட சர்க்கரை மணலைப்போல் சுவையற்றுப் போவதை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். அவ்விலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம், இனிப்பை உணரும் நாவின் திறனைச் சற்று நேரம் தடுத்து நிறுத்திவிடுவதே அதற்குக் காரணம். நாவில் இனிப்பை அழிப்பது உதிரத்திலும் அதனை அழிக்கும் என்று அனுமானிப்பது மனத்துக்கு எத்துணை இதமாயினும், தார்க்கிகர் நோக்கில் அது ஹேத்வாபாசமே. நாவில் நிகழ்வதற்கும் கணையத்தில் நிகழ்வதற்கும் வியாப்தி உண்டென்று எவரும் நிலைநாட்டியதில்லை. நாவை விட்டு நோயாளியின் உதிரத்தையே பார்த்தாக வேண்டும்.

அவ்வாறு பார்த்தவர்களும் உண்டு. வழக்கமான மாத்திரைகளை உண்டுவந்த நீரிழிவு நோயாளிகள் 22 பேருக்கு, அவற்றோடு இந்த இலையின் சத்தையும் நாள்தோறும் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை சென்னை ஆராய்ச்சியாளர் கொடுத்துப் பார்த்து, அவருள் 5 பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சத்தை மட்டுமே கொண்டு சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்ததாக 1990-இல் வெளியிட்டனர். எது மருந்து என்பதை மறைத்து நடத்திய சோதனை அன்று அது. ஆதலால் ஆவலைத் தூண்டுமேயன்றி ஐயத்தை அறுக்காது.

இங்கேதான் ஆஸ்திகர் சிலர் குறுக்கிடுகின்றனர். ஞானதிருஷ்டியால் ரிஷிகளும் சித்தர்களும் கண்டுரைத்ததை எலிக்கு ஊட்டிச் சோதிப்பது அபசாரம் என்பது அவர்கள் வாதம். அந்த எலிகளுக்கு அலாக்ஸானையோ ஸ்ட்ரெப்டோஸோடோசினையோ செலுத்திக் கணையத்தைச் சிதைத்து நோயை வருவிக்கிறார்கள் என்பது உண்மை. ஜீவகாருண்யம் உடையவர் அதனைக் கேட்டு வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் அபசாரம் என்னும் வாதம் வேறு. கௌதமரின் நியாய சூத்திரம் வேதத்தின் பிராமாண்யத்தை நிறுவப் புகும்போது, மந்திரமும் ஆயுர்வேதமும் பிரமாணமாவதைப்போல வேதமும் பிரமாணமாகும் என்று மருத்துவத்தையே திருஷ்டாந்தமாகக் காட்டுகிறது. மருந்து பலிப்பதைக் கண்கூடாகக் காண்கிறோம், ஆகவே அதைச் சொன்னவர் ஆப்தர், ஆகவே கண்ணுக்குப் புலனாகாத விஷயங்களிலும் ஆப்தரின் சொல் நம்பத்தக்கது என்று படிப்படியாக ஏறுகிறது அந்த வாதம். கீழ்ப்படியில் இருப்பது பரீட்சை. சாஸ்திரம் சொன்னதனால் மருந்தைச் சோதிக்கலாகாது என்பவர், மேற்படியில் நின்றுகொண்டு கீழ்ப்படியைப் பெயர்க்க முயல்கிறார். சரகரும் அறியும் வழிகளாக ஆப்தோபதேசம், பிரத்தியட்சம், அனுமானம், யுக்தி என நான்கைக் கூறி, அவற்றுக்குப் பரீட்சை என்றே பெயரிட்டார்.

வைத்தியர்கள் எழுப்பும் ஆட்சேபம் இதைவிட வலியது. தேகவாகு அறிந்து, பத்தியம் வகுத்து, பிற சரக்குகளோடு கூட்டித் தரும் மூலிகையைச் சாராயத்தில் வடித்து உருண்டையாக்கி எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்துவிட்டு, பலிக்கவில்லை என்று தீர்ப்புக் கூறினால், தோற்றது எது? இக்கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் அது வைத்தியர் தரும் முறையிலேயே சோதிக்கவேண்டும் என்பதற்குக் காரணமாகுமேயன்றி, சோதனையே வேண்டாம் என்பதற்கு ஆகாது. ஐரோப்பியக் கிராமத்தார் பயன்படுத்திய கலேகா என்னும் செடி ஆடுகளைக் கொல்லவும் வல்லது. அதிலிருந்த கலேகின் என்னும் பொருளின் வழித்தோன்றலாகிய மெட்ஃபார்மினை 1957-இல் பாரிஸ் நகரத்து ஷான் ஸ்டெர்ன் நீரிழிவுக்கு மருந்தாக்கியது, விஷத்தையும் குணத்தையும் பிரித்தறிந்த பின்னரே. இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்பவர் எட்டிக்காயை மறந்துவிடுகிறார் போலும்!

எனக்கு உறுத்துவது மற்றொன்று. நம்பி வந்த நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, ஒப்பிடுதற்பொருட்டு, மருந்தைப்போல் தோன்றும் வெறும் உருண்டையைக் கொடுப்பது தர்மமா? முன்பே விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெற்று, அவர் உண்டுவரும் மருந்தையும் நிறுத்தாமல் செய்தால் அதில் வஞ்சனை இல்லை என்றே கருதுகிறேன். இன்சுலின் அறவே சுரக்காத குழந்தைக்கு மூலிகையின் மகிமையைக் காட்டுவதற்காக ஊசியை நிறுத்துவது, எந்தச் சாஸ்திரத்தின் பெயரால் செய்தாலும், ஹிம்சையே.