கேட்கத் தெரிந்த வீடு

"அப்போதே ஏன் சொல்லவில்லை?" பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் போலீஸ் கேட்பதற்கு முன்பே வீடு கேட்டுவிடும் கேள்வி இது. பேசு, வெளியே வா, துணிந்து சொல் என்று மேடைதோறும் அழைக்கிறோம். அழைப்பு நல்லதுதான். ஆனால் பேசியவர்களை நாம் என்ன பாடுபடுத்தினோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்தார்கள். அகப்பட்டவர்களை எல்லாம் ஆலமரத்தடியில் கூட்டினார்கள். அங்கிருந்து 18 பெண்களை மட்டும் லாரியில் ஏற்றி ஏரிப் பக்கம் கொண்டுபோனார்கள். அவர்களில் சிறுமியும் இருந்தாள். அங்கே நடந்த பாலியல் வன்கொடுமையை மறைக்கச் சந்தனக் கடத்தல் வழக்கு போட்டு, அந்தப் பெண்களையே சேலம் சிறையில் அடைத்தார்கள்.

அவர்கள் பேசவே செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் வந்து கேட்டபோது சொன்னார்கள். 1995இல் வழக்கு சிபிஐக்குப் போனபோது சொன்னார்கள். நீதிமன்றக் கூண்டில் ஏறியும் சொன்னார்கள். ஒரே கொடுமையை எத்தனை முறை, எத்தனை அந்நியர்கள் முன்னால்! குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் போனார். சொல்லப்பட்ட இடங்களைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். 31 ஆண்டுகள்! துணிச்சல் முதல் நாளிலேயே இருந்தது. செவிதான் இல்லை.

பொள்ளாச்சியிலும் இதைப் பார்த்தோம். 2019இல் ஒரு பெண் பாலியல் கொடுமை பற்றிப் புகார் கொடுத்ததும், காவல்துறை அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் அவள் பெயரைச் சொன்னார். பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் இருந்தும் நடந்தது இது. அடுத்தவள் எந்த நம்பிக்கையில் ஸ்டேஷன் படி ஏறுவாள்? ஆனாலும் எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றத்தில் மூடிய அறையில் விசாரணை நடந்தது, அங்கே அவர்கள் அடையாளம் காக்கப்பட்டது, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. பாதுகாப்பு இருந்தால் பேச்சு நிலைக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இந்தியாவில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார், காதலன் என்று பழகிய முகம்தான். ஆகவே அவள் சொல்லப்போவது நமக்கும் வேண்டியவரைப் பற்றியதாக இருக்கலாம். நம் செவி அடைபடுவது இங்கேதான். "குடும்ப மானம் போயிடும்" என்கிறோம். மானம் போக வேண்டியது செய்தவனுக்கு. அதை அவள் தலையில் கட்டுகிறோம்.

அவள் மகளோ, தங்கையோ, தோழியோ, சொல்ல வந்தால் முழுதாகக் கேளுங்கள். எங்கே போனாய், என்ன உடுத்தியிருந்தாய் என்று கேட்காதீர்கள். "உன்னை நம்புகிறேன், தப்பு உன்மேல் இல்லை" என்று சொல்லுங்கள். எந்த மருத்துவமனையும், தனியார் ஆனாலும், அவளுக்கு உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவள் என்றால் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் சட்டக் கடமை. பெரியவள் என்றால் எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும்; அவள் கூடவே போங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.