கழிவுநீரும் நம் பொறுப்பும்

பிள்ளைகளை எந்தப் படிப்புக்கு அனுப்பலாம் என்று நம்மவர் கூடுமிடங்களில் பேச்சு வந்தால் டாக்டர், வக்கீல், கணக்காளர் என்றே அடுக்குவார்கள். தண்ணீர் சுத்திகரிப்புக்கும் கழிவுநீர் வடிகாலுக்கும் கூட என்ஜினீயர் படிப்பு உண்டு என்றால், “சாக்கடை வேலைக்கா?” என்று சிரிப்பு எழுகிறது. அச்சிரிப்பு நியாயந்தானா?

ஐவேளை ஒளுச் செய்யும் சமூகம் நாம். மார்க்கச் சட்ட நூல்கள் பெரும்பாலும் தண்ணீரின் சுத்தத்தைக் கொண்டே தொடங்குகின்றன. நிறம், ருசி, வாடை இவற்றில் எது மாறியது, நீர் எவ்வளவு, ஓடுகிறதா தேங்கியதா என்று இமாம்கள் நுணுகி ஆராய்ந்தார்கள். இன்றைய என்ஜினீயரின் முதற் கேள்விகளும் ஏறக்குறைய இவையே. 1978-ல் சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை, அசுத்தத்தின் அடையாளம் அறவே நீங்கச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் ஒளுவுக்கும் ஆகும் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் அதற்குமுன் கலந்தாலோசித்தது இத்துறை நிபுணர்களைத்தான்.

தோட்டப்புறத்துக்கும் இது புதிதன்று. 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்ஸன் மலேரியாவை அடக்கியது மருந்தால் மட்டுமன்று. சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டித்தான். பின்னர் தோட்டங்களிலும் அம்முறை பரவியது. அங்கே மண்வெட்டி பிடித்தவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள்.

நம் சிலாங்கூர் ஆற்றையே பாருங்கள். கோலகுபு பாரு மலைப்பக்கமிருந்து இறங்கி, பெஸ்தாரி ஜெயா வழியாக (2007-ல் பெயர் மாறினாலும் நமக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான்), கம்போங் குவாந்தான் மின்மினிகளைக் கடந்து, கோல சிலாங்கூரில் கடல் சேர்கிறது. கோலாலம்பூர், கிள்ளான் பகுதி மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இவ்வாற்று நீரே. ராவாங் வட்டாரத்துச் சாக்கடைகளும் இதில்தான் வந்து கலக்கின்றன. 2020 செப்டம்பர் 3-ம் தேதி ஆற்றில் கலந்த வாடைக் கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. படிகாரம் சேற்றைப் படிய வைக்கும், குளோரின் கிருமியைக் கொல்லும். அந்த வாடையை நீக்க அவை போதவில்லை.

வியாபாரிகளாகிய நாம் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடையில் குறை வைத்தால் வாங்கியவர் திரும்பி வந்து சண்டையிடுவார். நாமும் ஈடு செய்து மன்னிப்புக் கேட்கலாம். மனிதர்க்கு மனிதர் செலுத்தவேண்டிய ஹக்கு, உரியவர் மன்னிக்காமல் தீராது என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். ஆற்றின் கீழ்ப்புறத்தில் குடிப்பவருக்கோ நம் முகம் தெரியாது, நமக்கும் அவர் முகம் தெரியாது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? “பில் கட்டுகிறோமே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்” என்பது பாதி பதில்தான். கழிவுநீர் நிலையத்தில் காற்றூட்டி வளர்க்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும். ஆனால் நம் சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய் அங்கே போய்ச் சேருமுன்பே குழாயில் உறைந்து அடைத்துக்கொண்டால், கழிவெல்லாம் வழிந்து மழைக் கானில் இறங்கி ஆற்றுக்கே போகும்.

அந்த முகந்தெரியாதவரின் ஹக்கைச் சம்பளத்துக்கேனும் தினமும் காப்பவர் இந்த என்ஜினீயர். ஊரில் யாரேனும் செய்தே தீரவேண்டிய பர்ளு கிபாயா என்றே இதனை நாம் கருதுகிறோம். இப்படிப்பை விரும்பும் பிள்ளையைத் தகப்பனார் தடுக்கவேண்டாம்; கல்வி உதவி கேட்டு வந்தால் கடைசி வரிசையில் வைக்கவும் வேண்டாம்.

மற்றபடி, கடையின் எண்ணெய் தேக்கும் பெட்டி எத்தனை நாளைக்கொருமுறை அள்ளப்படுகிறது என்பது முதலாளியைவிடப் பின்கட்டில் பாத்திரம் கழுவும் பையனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.