சான்று கேட்பவர்கள்

ஒருவன் தன் நோவைச் சொல்லும்போது அதற்குச் சான்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? தொழிலாளர் நட்டஈட்டு வழக்குகள் எல்லாவற்றிலும் மறைந்து நிற்கும் கேள்வி இது. சட்டக் கேள்வி போலத் தோன்றினும் உண்மையில் இஃது அறம் பற்றிய கேள்வியே. இதனை நாம் ஒரு விளையாட்டு வீரரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய விரும்புகிறோம். விளையாட்டுக்கும் தத்துவத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வினவலாம். விளையாட்டே பெரும் வணிகமாகிவிட்ட நாட்டில், வீரனும் தன் உடலை விற்றுச் சீவிக்கும் உழைப்பாளி என்பதை மறந்தவர்களே அவ்வாறு வினவுவர்.

டேவ் டூவர்சன் 1960இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் பிறந்த கறுப்பினத்தவர். நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பட்டதாரி. 1983இல் சிக்காகோ பெயார்ஸ் அணி அவரைத் தெரிவு செய்தது. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் அவர் நின்ற இடம் காப்பு வரிசையின் கடைசி. அதனை 'சேஃப்டி' என்பர். பாதுகாப்பு அந்தப் பெயரிலேதான் இருக்கிறது. பந்துடன் விரைபவனைத் தூரத்திலிருந்து ஓடிவந்து முழு வேகத்துடன் மோதி வீழ்த்துவதே அங்கு நிற்பவனின் கடமை. றகர் ஆட்டத்தைக் கண்டவர்கள் இதன் கடுமையை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் இங்கே வீரர் அணியும் வலிய தலைக்கவசம், தலையையே ஆயுதமாக்கும் துணிவையும் தந்துவிடுகிறது. கவசம் மண்டையோடு உடையாது காக்கும். உள்ளே நீரில் மிதக்கும் மூளை அதிர்வதை அதனால் தடுக்க முடியாது.

1986 சனவரியில் பெயார்ஸ் அணி 46 - 10 என்ற கணக்கில் வென்று நாட்டின் முதல் அணியாயிற்று. 1987ஆம் ஆண்டுக்குரிய, சமூகத் தொண்டுக்கான 'ஆண்டின் சிறந்த மனிதர்' விருது டூவர்சனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் வீரர்கள் 24 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, உரிமையாளர்கள் மாற்று ஆட்களை இறக்கி ஆட்டங்களை நடத்தினர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். 1991 சனவரியில் நியூயோர்க் அணியுடன் அவர் மீண்டும் வெற்றிக் கிண்ணம் பெற்றார். 11 பருவங்கள் ஆடி 1993உடன் களத்தை விட்டு நீங்கினார்.

நம் கவனத்தை ஈர்ப்பது இதன் பின் நடந்ததே. ஓய்வுபெற்ற வீரர்களின் உடல் ஊனக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் சபையில் அறுவர் இருந்தனர்; மூவர் உரிமையாளர் சார்பில், மூவர் வீரர் சங்கத்தின் சார்பில். 2006 முதல் டூவர்சன் சங்கத்தின் பிரதிநிதிகளுள் ஒருவர். நினைவிழந்த, நடை தளர்ந்த பழைய தோழர்களின் விண்ணப்பங்கள் அவர் மேசைக்கு வந்தன. 2007இல் செனற் சபை விசாரணையொன்றில் அவர் சாட்சியமளித்தார். தம் தந்தை ஒருநாளும் தொழில்முறை விளையாட்டு ஆடாதவர், அவருக்கும் மறதி நோய் உண்டு, ஆகவே இப்பாதிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நியாயமே என்பது அவர் வாதம். உரிமையாளரின் வாதம் உழைப்பாளியின் வாயிலிருந்து வந்தது.

ஈராண்டல்ல, நான்காண்டு சென்றது. வியாபாரம் முறிந்து வங்குரோத்தான நிலையில், தம் நினைவும் நிதானமும் நழுவுவதை அவர் உணர்ந்தார். 2011 பெப்ரவரியில், தம் ஐம்பதாவது வயதில், தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர், தொடர்ந்த மோதல்களால் விளையும் நாட்பட்ட மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்ததென உறுதி செய்தனர்.

இந்நோயை இறந்தவரின் மூளையை அறுத்துப் பார்த்தே உறுதியாகக் கூற முடியும். இதில்தான் கேள்வியின் முழுக் கொடுமையும் அடங்கியிருக்கிறது. உயிரோடிருப்பவன் தர இயலாத சான்றை உயிரோடிருப்பவனிடம் கேட்பது நீதியாகுமா? சந்தேகத்தின் நன்மையைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குக் கொடுப்பது நீதிமன்றத்து வழக்கம். இங்கோ அந்நன்மை பணப்பெட்டிக்குக் கொடுக்கப்பட்டது.

தெரிந்தேதானே ஆடினார்கள், கூலியும் பெற்றார்களே என்று சிலர் கூறுவர். எதைத் தெரிந்து? 1994இல் தேசிய உதைபந்தாட்ட லீக் அமைத்த மூளைக் காயக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் வாத நோய் வைத்தியர் ஒருவர். (மூளைக்கு வாத வைத்தியர், நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை.) விளையாட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என லீக்கின் உயர் அலுவலர் ஒருவர் 2016 மார்ச்சில்தான் ஒப்புக்கொண்டார். உண்மையை மறைத்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது. 2015இல் கிறிஸ் போலண்ட் என்னும் காப்பு வீரர், ஒரே பருவம் ஆடியபின், 24 வயதில், ஒப்பந்த முற்பணத்தின் முக்காற் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகினார். அவருடையது சுதந்திரமான தெரிவு. ஏனெனில் டூவர்சன் தலைமுறைக்கு மறுக்கப்பட்ட அறிவு அவருக்குக் கிடைத்திருந்தது. அவ்வறிவு இறந்தவர்களின் மூளைகளிலிருந்து வந்தது.

அப்படியாயின் டூவர்சன் குற்றமற்றவரா? நாம் அவ்வாறு கருதவில்லை. தோழர்களின் பிரதிநிதியாக அமர்ந்தவர் தோழர்களின் சொல்லையே முதலில் நம்பியிருக்க வேண்டும். எனினும், அவர்களுடைய நோயை ஏற்பது தம்முள்ளும் அது இருக்கலாம் என்று ஏற்பதாகும். அந்த அச்சத்தையும் நாம் எடைபோட வேண்டாமா? அத்தகைய ஆசனத்தில் அத்தகைய ஒருவரை அமர்த்தும் ஏற்பாடு உரிமையாளருக்கு எவ்வளவு வசதியானது!

முன்னாள் வீரர்கள் தொடர்ந்த வழக்கில் 2015இல் நீதிமன்றம் ஓர் இணக்கத்தை அங்கீகரித்தது. அதன்படி இந்நோய்க்கென உரிய இழப்பீடு, அவ்வாண்டு ஏப்ரலுக்கு முன் இறந்தோர்க்கே. வாழ்வோர் தம் மறதியைப் பரீட்சைகளால் நிறுவ வேண்டும். அப்பரீட்சைகளிற் பயன்பட்ட அளவுகோலொன்று, கறுப்பினத்தவர் தொடக்கத்திலேயே அறிவாற்றல் குறைந்தவர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டது. அதனால் அவர்கள் எவ்வளவு இழந்தனர் என்பது குறைவாகவே தோன்றிற்று. கறுப்பின வீரர் இருவர் 2020இல் வழக்குத் தொடுத்தனர். அதன் பின்னரே, 2021 யூனில், அவ்வளவுகோலைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது.