தத்தன் நடந்த தூரம்



போன மாதம் தேக்காவில் சமய வகுப்பு முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் ஆயுள் தண்டனை என்றால் உயிர் உள்ளவரை. ஆனால் 20 ஆண்டு கழிந்ததும் வெளியே விடலாமா என்று பரிசீலிப்பார்கள். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவருக்கும் அது உண்டு. "நல்ல சட்டம்தான்" என்றேன். ஒரு தம்பி உடனே கேட்டான்: "அண்ணே, உங்க வீட்ல ஒருத்தரக் கொன்னிருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் கதையைத் திரும்பப் படித்தேன்.

போரில் தோற்ற முத்தநாதன் திருநீறு பூசி, ஏட்டுக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து வந்து நாயனாரைக் குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். சாய்ந்துகொண்டே நாயனார் தடுக்கிறார். இவன் சிவனடியார் கோலத்தில் வந்தவன், பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டு வா என்கிறார்.

இதைச் சொன்னவர் குத்துப்பட்டவர். அந்த உரிமை அவருக்குத்தான். இழந்த குடும்பத்தைப் பார்த்து "மன்னிச்சிடுங்க" என்று சொல்ல நான் யார்? தம்பி கேட்டது நியாயம்தான்.

ஆனா தத்தனைப் பாருங்க. அவன் மன்னித்ததாகக் கதை சொல்லவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டு, சூழ்ந்துகொண்ட மக்களைத் தடுத்து, கொலையாளியோடு எல்லை வரை நடந்தான். பரோல் என்பது எனக்கு இப்போது அதுதான். மன்னிப்பு இல்லை, கூடவே நடக்கும் காவல்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கே கப்பலில் கொண்டுவரப்பட்டார்கள். கொலைக் குற்றவாளிகளும் அவர்களில் உண்டு. சிராங்கூன் ரோடு பக்கம் செங்கல் சுட்டதும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியதும் அவர்கள் கைகள். நன்னடத்தை காட்டியவர்களுக்கு 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற சீட்டு கிடைத்தது. ஊருக்குள் தங்கி உழைத்துப் பிழைக்கலாம். நிபந்தனையை மீறினால் சீட்டு பறிபோகும்.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். என் வீட்டில் நடந்தால் நான் மெய்ப்பொருளாராக இருப்பேனா, தெரியாது. அதனால்தான் முடிவை என் கோபத்திடமும் விடக்கூடாது, என் இரக்கத்திடமும் விடக்கூடாது. குடும்பத்தின் குரலைக் கேட்டு, அந்த மனிதர் மாறியிருக்கிறாரா என்று வருடக்கணக்கில் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனா பார்க்கவே மாட்டோம் என்று கதவைப் பூட்ட வேண்டாம்.

வெளியே வந்தவரோடு கொஞ்ச தூரம் நடக்க நாம தயாரா?

திருச்சிற்றம்பலம்.