கேளாமல் எடுத்த களம்

புதுவையில் நம் பங்கு ஆலயத்தின் பின்புறம் சிறியதோர் ஆடுகளம் உண்டு. காலையில் முதியவர் சிலர் பெத்தாங் ஆடுவர். மாலையில் சிறுவர்கள் கைப்பந்து ஆடுவர். ஓரத்தில் ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று. சட்டையையும் செருப்பையும் அங்கேதான் வைப்பார்கள். திருவிழா விளக்குகளுக்காக வாங்கவிருக்கும் ஜெனரேட்டரை அக்கொட்டகையில் நிறுவலாம் எனப் பங்குப் பேரவை சென்ற மாதம் தீர்மானித்தது. நாமும் தலையசைத்தோம். அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது சிகாகோ.

சிகாகோ பல்கலைக்கழகம் 1939-ஆம் ஆண்டின் இறுதியில் தன் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. ஸ்டாக் ஃபீல்டு என்னும் அதன் பெரிய அரங்கம் வெறிச்சோடிற்று. மேற்குப் பார்வையாளர் மாடத்தின் அடியில், பந்தைச் சுவரில் அடித்தாடும் ராக்கெட்ஸ் கூடம் ஒன்று இருந்தது. 1942 நவம்பரில் அங்கே கிராஃபைட் கட்டிகளை அடுக்கத் தொடங்கினார்கள், இடையிடையே யுரேனியம். டிசம்பர் 2 பிற்பகலில், என்ரிக்கோ ஃபெர்மியின் தலைமையில், மனிதன் கட்டிய முதல் அணு உலை அங்கே இயங்கியது. அன்று அது தந்த ஆற்றல் அரை வாட். ஒரு கைவிளக்குக்கும் போதாது.

ஊருக்கு வெளியே ஆர்கோன் காட்டில் அதைக் கட்டுவதே முதல் திட்டம். தொழிலாளர் தகராற்றால் அங்கே கட்டட வேலை தாமதமாகவே, மக்கள் நெருங்கி வாழும் நகருக்குள்ளேயே செய்துவிட முடிவாயிற்று. பொறுப்பில் இருந்தவர் ஆர்தர் காம்ப்டன். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸிடம் அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மறுப்பதைத் தவிர ஹட்சின்ஸுக்கு வேறு வழியில்லை, அம்மறுப்போ தவறாக முடியும் என்று தாம் கருதியதாகப் பின்னாளில் எழுதினார்.

இங்கேதான் நம் மனம் இடறுகிறது. மறுப்பார் என்று தெரிந்தே ஒருவரைக் கேளாமல் விடுவது எவ்வகை நேர்மை? பசியால் சாகும் நிலையில் உள்ளவன் பிறர் உணவை எடுப்பது திருட்டாகாது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். ஆனால் அங்கே பசி எடுத்தவனுடையது. சிகாகோவிலோ, தவறு நேர்ந்திருந்தால் அதைச் சுமந்திருக்க வேண்டியவர்கள் ஒன்றும் அறியாத அண்டை வீட்டார்.

காம்ப்டனை எளிதில் பழிக்கவும் நம்மால் இயலவில்லை. ஜெர்மனி முந்திக்கொள்ளும் என்ற அச்சம் அன்று உண்மையானது. அதே ஆண்டில் கொழும்பு கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடலை விமானத் தளமாக்கினார்கள். அங்கும் யாரும் குதிரைகளைக் கேட்டிருக்கமாட்டார்கள்! ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழாக் காலையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீச வந்தபோது, அத்திடலிலிருந்தும் போர் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்த நாள் அது. அந்தத் திடலை எடுத்தது தவறென்று கொழும்பு மக்களிடம் எவர் சொல்வார்?

ஆயினும் சிகாகோவின் அரை வாட் அங்கேயே நிற்கவில்லை. அதன் வழிவந்த பெரிய உலைகளில் விளைந்த புளூட்டோனியம் 1945 ஆகஸ்டு 9 அன்று நாகசாகியின் மேல் வெடித்தது. விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக உரக்காமி பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்த நம் சகோதரர்கள் அங்கேயே மாண்டனர். 1984-இல் வணிகமுறை மின் உற்பத்தியைத் தொடங்கிய நம் கல்பாக்கமும் அதே தொடர்வினையால் இயங்குவதுதான். அம்மின்சாரத்தில் நாம் விசிறி சுழல விட்டு உறங்கியிருக்கிறோம்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1222-ஆம் சட்டம், ஓர் ஆலயத்தை வழிபாட்டிலிருந்து விலக்கி, இழிவல்லாத உலகியல் பயன்பாட்டுக்கு ஆயர் விடலாம் என்கிறது. அந்த ஆலயம் பாழடையாமல் வேறு காரணங்களுக்காக விடப்படுமானால், அதில் முறையான உரிமை கோருவோரின் இசைவு வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. குருமடத்தில் இழிவு எது என்பதைப் பற்றியே நாம் வாதாடினோம். இசைவு என்ற சொல்லைத் தேர்வுக்காக மனனம் செய்ததோடு சரி. ஆடுகளம் ஆலயம் அன்றுதான். ஆனால் அதிலும் உரிமையுடையோர் இருக்கிறார்களே!

மறுநாள் மாலை சிறுவர்களை அழைத்துக் கேட்டோம். நெடுநேரம் தமக்குள் பேசினார்கள். பிறகு ஒருவன் முன்வந்து, "சாமி, வச்சுக்கோங்க. ஆனா திருவிழா முடிஞ்சதும் எடுத்திடுவோம்னு எழுதித் தருவீங்களா?" என்றான். பேரவை உறுப்பினர் சிலர் சிரித்தனர். நாம் எழுதிக் கையொப்பமிட்டோம். அத்தாள் இப்போது அவன் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறதாம்.